எல்லையில் நின்ற முறிமருந்து

பிப்ரவரி 6

சம்பந்தி அம்மாளுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. போனையும் நெட்டையும் துண்டித்த பிறகு, உங்கள் நாட்டுக்கும் எங்கள் நாட்டுக்கும் நடுவே போய்வருவது நிவாரணச் சங்கத்தின் தபால் பை ஒன்றுதான். உறையை ஒட்டாமல் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் படிப்பார்களாம். நன்றாகப் படிக்கட்டும்.

எங்கள் ஊர் ரயில்வே பணிமனை ஆட்கள் வரிசையாக விழுந்து கிடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிவி சொல்வதை விடுங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் வந்தவர் ஒரு வெல்டர். "டாக்டர், எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றார். இமைகள் பாதி இறங்கியிருந்தன, நாக்கு குழறியது. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று எங்கள் காவலாளி அவரை வாசலிலேயே உட்கார வைத்திருந்தார். பொழுது சாய்வதற்குள் அவரால் எச்சில் விழுங்க முடியவில்லை. அப்புறம் கழுத்து நிற்கவில்லை. அப்புறம் மூச்சு. அவருக்குப் பின்னால் அதே பணிமனையிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவராக வந்தபடி இருந்தார்கள். வென்டிலேட்டர்கள் தீர்ந்துவிட்டன. கட்டிலுக்குப் பக்கத்தில் மனைவியும் அண்ணன் தம்பியும் முறை போட்டுக்கொண்டு, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அவர்களுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது பொட்டுலினம் நச்சு. சீரம் எடுக்கும் குதிரைகளோடே வாழும் உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. உடம்பை மேலிருந்து கீழாகக் கட்டிப்போடும், அறிவைத் தொடாது. இங்கே படுத்திருக்கும் எல்லாருக்கும் காது கேட்கிறது. கண்ணைத் திறக்கத்தான் முடியவில்லை.

இதற்கான முறிமருந்து இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே உங்கள் சீரம் நிலையத்தில் மட்டும்தான் தயாராகிறது. கல்யாணத்தன்று என் அண்ணனைப் பிடித்து வைத்துக்கொண்டு, சாப்பிடக்கூட விடாமல், நீங்களே சொன்னதுதான். எங்கள் அமைச்சகம் கேட்டதற்கு உங்கள் அரசு ஒற்றை வரியில் பதில் அனுப்பியிருக்கிறது: "இருப்பு இல்லை." அது பொய். அந்தக் குளிர் அறைக்குப் பொறுப்பு நீங்கள்.

நான் கெஞ்சவில்லை. கேட்கிறேன். உங்கள் நாடுதான் கேன்டீன் சாப்பாட்டில் விஷம் கலந்தது என்று எங்கள் அமைச்சர் சொல்கிறார். கலந்தீர்களோ இல்லையோ, மருந்தை அனுப்புங்கள். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

என் பெண் உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று கேட்க மாட்டேன். கேட்டால் அழுதுவிடுவேன். அதற்கும் நேரமில்லை.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து

*

பிப்ரவரி 9

டாக்டர் அம்மாளுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பல இடங்களில் கறுப்பு மை பூசியிருந்தார்கள். "அது பொய்" என்று நீங்கள் எழுதியதை மட்டும் பூசாமல் விட்டிருந்தார்கள். எங்கள் அதிகாரிகளுக்கும் அதில் ஒரு திருப்தி போலிருக்கிறது.

"கலந்தீர்களோ இல்லையோ" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு பெரிய மனசு!

உங்கள் அமைச்சர் டிவியில் ஒரு படத்தைக் காட்டி, "இதுதான் அவர்களின் ஆயுதக் கிடங்கு" என்றார். அது என் குதிரை லாயம். அந்தப் படம் எப்போது எடுத்தது தெரியுமா? கல்யாணத்துக்கு மறுநாள் உங்கள் அண்ணன் லாயத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது எடுத்தது. படத்திலிருந்து அவரை வெட்டிவிட்டார்கள், அவருடைய முழங்கை மட்டும் ஓரத்தில் அப்படியே நிற்கிறது. அந்த முழங்கையை வைத்துக்கொண்டு உலகத்துக்கே கதை சொல்கிறார் உங்கள் அமைச்சர்.

இங்கே எங்கள் தெருவில் வேறு கதை. "எதிரி நாட்டுப் பொண்ணை வீட்ல வெச்சிருக்கீங்களே" என்று எதிர் வீட்டுக்காரரே என் முகத்துக்கு நேராகக் கேட்டார். என் மருமகளை வங்கியில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முன் ஜன்னல் கண்ணாடி போய்விட்டது. என் மகன் அட்டையை வைத்து ஒட்டியிருக்கிறான். ஆக, உங்கள் ஆட்களுக்கு நான் விஷக்காரி, என் ஆட்களுக்கு நான் உளவாளிக்கு மாமியார்.

முறிமருந்து எப்படிச் செய்கிறோம் என்று தெரிந்துகொண்டே பேசுகிறீர்கள். வீரியம் செத்த நச்சைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்குகிறோம். அது தன் ரத்தத்தில் மாற்றைச் செய்கிறது. அந்த ரத்தத்திலிருந்து மருந்து. ஆகவே முறிமருந்து இருக்கிற இடத்தில் விஷமும் இருக்கத்தான் செய்யும். அதை நாங்கள் ஒளித்ததே இல்லை. வருடா வருடம் அறிக்கையில் அச்சடிக்கிறோம். அதை என்னவோ திருட்டைக் கண்டுபிடித்தது போலச் சொல்கிறார் அவர்.

குளிர் அறையின் சாவியை என் இயக்குநர் வாங்கிக்கொண்டார். "இப்ப மருந்து குடுத்தா, விஷம் குடுத்ததும் நாமதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா" என்கிறார். அவரைத் திட்டிப் பார்த்தேன். சுவரைத் திட்டியிருக்கலாம்.

இப்போது நான் கேட்கிறேன். மருந்து எதுவும் உடம்பில் ஏற்றுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்து வைத்தீர்களா? எந்த வகை நச்சு என்று தெரியுமா? கேன்டீனில் மிஞ்சிய சாப்பாட்டை யாராவது பத்திரப்படுத்தினார்களா, இல்லை எங்கள் சதி என்று முடிவு கட்டிய கையோடு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்களா? பல நாட்டு விசாரணைக் குழுவை உள்ளே விடாமல் தடுப்பது நீங்கள்தான் என்று எங்கள் அரசு சொல்கிறது. உண்மையா?

உங்கள் பெண் நன்றாக இருக்கிறாள். நீங்கள் கேட்கவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

*

பிப்ரவரி 11

சம்பந்தி அம்மாளுக்கு,

வெல்டர் இறந்துவிட்டார். அவர் மனைவி பையை அமுக்குவதை நிறுத்தவே இல்லை. "அவரு போயிட்டாரும்மா" என்று சொல்லி, நான்தான் கையைப் பிரித்து எடுத்தேன். விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

இதை முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஜன்னல் கண்ணாடிக்காக வருந்துகிறேன். ஆனால் அது கண்ணாடி.

நேற்று எங்கள் அமைச்சர் சுகாதாரச் செயலாளரோடு வார்டுக்கு வந்தார். கேமராக்காரர்கள் செருப்போடு உள்ளே வந்தார்கள். பணிமனையில் கிரேன் ஓட்டும் பெண் ஒருத்தி ஓரக் கட்டிலில் இருக்கிறாள். சிரித்த முகமாகப் படம் ஒன்று கிடைத்ததால் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் தலைமாட்டில் நின்றுகொண்டு அமைச்சர், "எதிரியின் விஷத்துக்குப் பலியான இந்த வீராங்கனை..." என்று ஆரம்பித்தார்.

"சார், அவங்க சாகலை. நீங்க பேசறது அவங்களுக்குக் கேக்குது" என்றேன்.

அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் இமையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் கண்ணில் நீர் நிறைந்து நின்றது. இத்தனை வருடத்தில் ஒரு மனிதரை அறைய வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது நேற்றுத்தான். என்னை வெளியே போகச் சொன்னார்கள். பிறகும் அமைச்சரும் செயலாளரும் அந்தக் கட்டிலருகே நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ரத்தம் எடுத்திருக்கிறேன், முதல் நாளே, எல்லாருக்கும். அமைச்சகத்து ஆட்கள் வந்து "இது சாட்சிப் பொருள்" என்று அத்தனை குழாய்களையும் பூட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். நோயாளிக்கு என்ன வகை நச்சு என்று பார்க்க எடுத்த ரத்தம், வழக்குக்காக அலமாரியில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு குழாய் எடுப்பது என் வழக்கம். இரண்டாவது என் பிரிவின் பிரிட்ஜில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

விசாரணைக் குழு வந்துவிட்டது. தடுத்தது நாங்கள்தான், உண்மை. மற்ற நாடுகள் சேர்ந்து நெருக்கியதும் விட்டார்கள். குழுத் தலைவி நரைத்த கிராப்பு வைத்த ஒல்லியான பெண்மணி. கொள்ளை நோய்களின் பின்னாலேயே உலகம் சுற்றியவராம். வந்ததும் அமைச்சரைப் பார்க்கப் போகவில்லை, கேன்டீன் குப்பைத் தொட்டியைப் பார்க்கப் போனார். இரண்டாவது குழாய்களை அவரிடம் கொடுத்துவிட்டேன். மூன்று பங்காகப் பிரித்தார்: ஒன்று இங்கே முத்திரையிட்டு வைக்க, மற்ற இரண்டும் இந்தத் தகராறில் சம்பந்தமே இல்லாத இரண்டு நாட்டு ஆய்வகங்களுக்கு, ஒருவருக்கு மற்றவர் முடிவு தெரியாமல். வேலை தெரிந்தவர்கள். எனக்கு மெமோ வந்துவிட்டது. "அனுமதியின்றி அரசுச் சொத்தை அந்நியருக்கு வழங்கியது." என் நோயாளிகளின் ரத்தம் அரசுச் சொத்தாம்.

என் அண்ணன் அந்தப் படத்தைக் கல்யாணம் முடிந்த வாரமே நெட்டில் போட்டவன். டிவியில் தன் முழங்கையைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அவனை விடுங்கள்.

குழு அடுத்து உங்களிடம் வருகிறது. சாவிதானே பறிபோயிற்று, வாய் இருக்கிறதல்லவா? அவர்கள் முன்னால் என்ன சொல்லப்போகிறீர்கள்?

*

பிப்ரவரி 15

டாக்டர் அம்மாளுக்கு,

வெல்டரைப் பற்றிப் படித்தேன். அதைப் பற்றி எழுத எனக்குச் சொல் வரவில்லை. கண்ணாடியைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு வந்தது, அடித்துவிட்டேன்.

குழு வந்தது. உங்களுக்கு அவர்கள் வேலை தெரிந்தவர்கள். இங்கே நான் குற்றவாளி. என் ஆய்வகத்தில் என்னை ஒரு மூலையில் நிற்க வைத்துவிட்டு, ஒவ்வொரு அலமாரியையும் திறந்து படம் பிடித்தார்கள். நச்சுக் குப்பிகளை எண்ணினார்கள், ஒவ்வொன்றிலிருந்தும் துளி எடுத்தார்கள். நான் பேர் வைத்து வளர்க்கும் குதிரைகளிடம் ரத்தம் எடுக்க, குதிரையையே தொட்டறியாத ஓர் இளைஞன் வந்தான். செம்பட்டை அவனைக் கடித்துவிட்டது. எனக்கு அன்று கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

தலைவி கடைசியில் முறிமருந்தைப் பற்றிக் கேட்டார். என் இயக்குநர் கொஞ்சமும் யோசிக்காமல், "இருந்தது. காலாவதி ஆயிடுச்சு, அழிச்சுட்டோம்" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் இயக்குநரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

உடனே வாயைத் திறந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு நிலையத்து குவார்ட்டர்ஸில் வீடு. என் மகனுக்கு வேலை இதே அரசில். அட்டை ஒட்டிய ஜன்னல், வேலை போன மருமகள், எல்லாம் கண் முன்னால் வந்தது. உங்கள் மேல் எனக்கு அந்த நிமிடம் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "வாய் இருக்கிறதல்லவா" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்!

"இருக்கு. குளிர் அறையில, இடது பக்க அடுக்கு முழுக்க. நான்தான் நிரப்பினேன்" என்றேன்.

இயக்குநர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இவங்க பேச்சை எடுத்துக்காதீங்க. இவங்க சம்பந்தி அந்தப் பக்கம்" என்றார். நம் உறவு கல்யாணப் பத்திரிகையில் அச்சானதற்குப் பிறகு, அரசாங்கத்துப் பதிவில் ஏறியது இப்போதுதான்.

தலைவி அறையைத் திறக்கச் சொன்னார். திறந்தார்கள். இருந்தது.

அதற்குப் பிறகு நாள் முழுக்கப் பேரம். எங்கள் நாடு அனுப்பியதாக இருக்கக் கூடாது என்று எங்கள் ஆட்கள். அந்த நாட்டிலிருந்து வாங்கியதாக இருக்கக் கூடாது என்று உங்கள் ஆட்கள். குழுவே அனுப்புகிறது, குழுவே வாங்கிக்கொள்கிறது, குழுவின் வண்டி, குழுவின் கொடி என்று முடிந்தது. குப்பிகளில் எங்கள் நிலையத்தின் பெயர்ச் சீட்டு இருக்கக் கூடாதாம். நானும் என் லாயத்து ஆட்களும் உட்கார்ந்து ஈரத்துணியால் தேய்த்து உரித்தோம். தயாரிப்புத் தொகுதி எண்ணையும் உரிக்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. யாருக்காவது ஒவ்வாமை வந்தால் எது எந்தத் தொகுதி என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

குதிரைச் சீரம் சிலருக்கு உடம்பையே உலுக்கிவிடும். முதலில் சிறு அளவு கொடுத்துப் பாருங்கள். அட்ரினலின் கையருகே இருக்கட்டும். பெட்டி சூடேறக் கூடாது.

உங்களுக்காகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம்.

*

பிப்ரவரி 18

சம்பந்தி அம்மாளுக்கு,

எனக்காகச் செய்தீர்கள் என்று நான் எப்போது சொன்னேன்?

பெட்டிகள் வந்தன. எப்படி வந்தன என்று கேளுங்கள். உங்கள் பக்கத்து எல்லைச் சாவடியில் ஒரு பொழுது நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் இன்னொரு பொழுது. உள்ளே வேறு ஏதாவது இருக்குமோ என்று நம் இரண்டு அரசுகளுக்கும் ஒரே சந்தேகம். அதில் மட்டும் நல்ல ஒற்றுமை. வெயிலில் இறக்கி வைத்து, மூடியைத் திறந்து, ஐஸைக் கிளறியிருக்கிறார்கள். குழுவின் ஓட்டுநர் பெட்டிகளின் மேல் தன் சட்டையைக் கழற்றிப் போட்டு நிழல் கொடுத்திருக்கிறார். பனியனோடுதான் மருத்துவமனைக்குள் வந்தார். "என்னென்னவோ கத்திப் பார்த்தேன், அவங்களுக்குப் புரியற பாஷை எனக்குத் தெரியலை" என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொன்னார்.

பாதிப் பெட்டிகளில் மருந்து கெட்டுப் போயிருந்தது. கொட்டினேன். உங்கள் கைப்பட நிரப்பியதை என் கைப்படக் கொட்டினேன்.

மீதியைக் கடைசியாக வந்தவர்களிலிருந்து கொடுக்க ஆரம்பித்தேன். உங்களுக்குத் தெரியும், அது விழுந்தவரை எழுப்பாது, விழுவதை நிறுத்தும். இன்னும் மூச்சு விட முடிந்தவர்களின் மூச்சு நின்றுபோகவில்லை. அவர்களில் ஒருவரைக்கூட மெஷினில் போட வேண்டியிருக்கவில்லை. அது உங்கள் அடுக்கின் வேலை. ஆனால் பணிமனை பெயின்டர் ஒருவர், பெட்டி சாவடியில் காய்ந்துகொண்டிருந்தபோது மூச்சு முட்டி இறந்தார். காலையில் என்னிடம் பேசிக்கொண்டிருந்தவர். அவரை யார் கணக்கில் எழுதுவது? விஷம் கணக்கிலா, சாவடி கணக்கிலா?

ஒருவருக்கு ஒவ்வாமை வந்தது. தொகுதி எண் இருந்ததால் அந்தக் குப்பிகளை ஒதுக்கி வைத்தேன். பிழைத்துக்கொண்டார்.

என் பெண்ணிடம் சொல்லுங்கள், நான் கேட்டேன் என்று. வெளியே தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜன்னல் பக்கம் படுக்க வேண்டாம் என்றும்.

*

மார்ச் 30

டாக்டர் அம்மாளுக்கு,

உங்கள் பெண் நடுக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில்தான் படுக்கிறாள். தூக்கத்தில் உதைக்கிறாள். இதை நீங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

குழுவின் அறிக்கை வந்துவிட்டது, நீங்களும் படித்திருப்பீர்கள். இரண்டு ஆய்வகமும் தனித்தனியாக ஒரே முடிவைச் சொல்லியிருக்கின்றன. யாரும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. கேன்டீனில் பரிமாறிய காளான், உங்கள் அரசின் சொந்தத் தொழிற்சாலையில் புட்டியில் அடைத்தது. பாய்லர் போதிய சூடு கொடுக்கவில்லை. காற்றில்லாத புட்டிக்குள் கிருமி வளர்ந்து நச்சு கக்கியிருக்கிறது. நோயாளிகளிடம் கிடைத்த கிருமியின் மரபு, குப்பைத் தொட்டிப் புட்டியோடு பொருந்துகிறது. என் ஆய்வகத்தில் இருப்பதோடு பொருந்தவில்லை.

உங்கள் அமைச்சர் என்ன சொன்னார்? "குழுவை விலைக்கு வாங்கிவிட்டார்கள்." எங்கள் அமைச்சர்? பட்டாசு வெடிக்காத குறை. உங்கள் பக்கத்திலிருந்து "தவறாகச் சொல்லிவிட்டோம்" என்று ஒரு வார்த்தை வந்ததா? எங்கள் பக்கத்திலிருந்து "மருந்தை ஒளித்தோம்" என்று ஒரு வார்த்தை வந்ததா?

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்நியர் முன்னிலையில் மேலதிகாரியை மறுத்துப் பேசிய குற்றத்துக்கு. அது போகட்டும். நிலையத்தையே மூடுகிறார்கள். விஷம் இருந்தால்தானே பழி வரும், விஷமும் வேண்டாம் மருந்தும் வேண்டாம் என்று முடிவாம். குதிரைகளை ஏலம் விடப்போகிறார்கள். நாளைக்கு இந்தப் பக்கத்தில் எங்கே யார் கெட்டுப்போன புட்டியைத் திறந்தாலும் அவ்வளவுதான். குழுத் தலைவி எனக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பியிருக்கிறார். மிகவும் மரியாதையான கடிதம். அதைக் குதிரைக்குக் கொடுத்தால்கூடத் தின்னாது.

ஒன்று மட்டும் நேராகச் சொல்லுங்கள். நாங்கள்தான் விஷம் வைத்தோம் என்று நீங்களும் நம்பினீர்கள்தானே?

*

ஏப்ரல் 12

சம்பந்தி அம்மாளுக்கு,

நம்பவில்லை. சந்தேகப்பட்டேன். நம்பியிருந்தால் உங்களிடம் மருந்து கேட்டிருக்க மாட்டேன். சந்தேகப்பட்டதற்காக மன்னிப்பும் கேட்க மாட்டேன்; என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

கிரேன் ஓட்டும் பெண் பேச ஆரம்பித்துவிட்டாள். கழுத்துத் துளையில் இருந்த மூச்சுக் குழாய்க்குப் பேசுவதற்கான மூடி பொருத்தியதும் முதலில் காற்றுத்தான் வந்தது. அப்புறம் ஒரு கரகரப்பு. தண்ணீர் கேட்பாள் என்று தம்ளரோடு நின்றேன். அவள் சொன்னது: "அந்த ரெண்டு பேரையும் கூப்பிடுங்க."

யாரை என்று கேட்டேன். அமைச்சரையும் செயலாளரையும். அன்று கேமரா போன பிறகு, என்னை வெளியே அனுப்பிவிட்டு, அவர்கள் அவள் தலைமாட்டில் நின்று பேசினார்கள் என்று எழுதினேனே. அவள் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். செயலாளர் சொன்னாராம்: "சார், காளான் புட்டி மேல சந்தேகம்னு தொழிற்சாலைக்காரங்களே சொல்றாங்க." அமைச்சர்: "இப்ப அதெல்லாம் வேணாம்." செயலாளர்: "மருந்து?" அமைச்சர்: "அங்கேர்ந்து மருந்து வந்துட்டா நம்ம கேஸ் நிக்காது. ரெண்டு நாள் போகட்டும்."

"நான் படுத்திருக்கேன், எனக்கு மருந்து வேணாம்ங்கறாங்க. ஒரு விரலைக்கூட அசைக்க முடியலை டாக்டர். பல்லைக் கடிக்கக்கூட முடியலை" என்றாள். சொல்லும்போது அழவில்லை. கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மூடியைக் கழற்றி ஓய்வெடுக்கச் சொன்னேன். என் கையைத் தட்டிவிட்டாள். அந்தக் கையை அப்போதுதான் முதல் முறையாகத் தூக்கினாள்.

அவள் வாக்குமூலத்தை வீடியோவாக எடுத்துக் குழுத் தலைவிக்கு அனுப்பிவிட்டேன். அதிகாரிகள் கண்ணில் படாமல் இருக்க, இந்தக் கடிதமும் குழுவின் வண்டியில்தான் வருகிறது. அடுத்த மெமோ வந்தது. இப்போது நான் தற்காலிக நீக்கத்தில் இருக்கிறேன். ஆக நாம் இருவருமே வீட்டில். குழுவை அனுப்பிய நாடுகள் எல்லாம் சேர்ந்து மூன்றாம் நாட்டில் விசாரணை வைத்திருக்கின்றன. என்னை அழைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் அழைப்பு வந்திருக்கும். வாருங்கள். நேரில் சண்டை போடலாம். எழுதியெழுதிக் கை வலிக்கிறது.

*

ஏப்ரல் 20

டாக்டர் அம்மாளுக்கு,

என் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். "உடல்நிலை காரணமாகக் கலந்துகொள்ளவில்லை" என்று அவர்களே எழுதி அனுப்பிவிட்டார்களாம். என் உடல்நிலைக்கு ஒரு குறையும் இல்லை. இரத்த அழுத்தம் ஏறியிருந்தால் அது அவர்கள் ஏற்றியது.

கிரேன் ஓட்டும் பெண்ணின் வார்த்தைகளை உங்கள் பெண்ணுக்கும் என் மகனுக்கும் படித்துக் காட்டினேன். படித்து முடிக்க முடியவில்லை. மீதியை உங்கள் பெண் வாங்கிப் படித்தாள்.

ஏலத்துக்கு ஆட்கள் வந்தார்கள். நானும் லாயத்து ஆட்களும் வாசலில் நின்றோம். என்னை வேலையிலிருந்து நீக்கலாம், வாசலிலிருந்து நீக்க முடியவில்லை. ஒருவர் செம்பட்டையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, அது வருஷக்கணக்கா விஷம் ஏத்தின குதிரை" என்றேன். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே ஓடிப்போனார். அது உண்மைதானே? ஆனால் எத்தனை நாள் இப்படி ஓட்ட முடியும்?

நான் விசாரணையில் சொல்ல நினைத்ததையெல்லாம் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்து, குழுவின் வண்டியிலேயே அனுப்புகிறேன். உங்களைப் பற்றியும் இருக்கிறது. பிடிக்காததை வெட்டிவிட்டுப் படிப்பதானால் படிக்கவே வேண்டாம்.

*

மே 9

சம்பந்தி அம்மாளுக்கு,

ஒன்றையும் வெட்டவில்லை.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இனி முறிமருந்துக்குப் பொதுக் கையிருப்பு ஒன்று இருக்கும், தகராறில் இல்லாத நாட்டில். எந்த மருத்துவமனை கேட்டாலும் குழுவே நேராகக் கொண்டுபோய்க் கொடுக்கும். பழி சொன்னவரும் கையெழுத்துப் போட வேண்டாம், பழி ஏற்றவரும் போட வேண்டாம். எல்லையில் குழுவின் பெட்டியைத் திறக்கக் கூடாது. அந்தக் கையிருப்பை உங்கள் குதிரைகளை வைத்தே தொடங்குவது என்று தீர்மானம். ஏலத்தை நிறுத்தச் சொல்லி உங்கள் அரசுக்கு எழுதியிருக்கிறார்கள். நம் இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டன. மனம் திருந்தி அல்ல. போடாத ஒரே நாடு என்ற பெயர் வேண்டாம் என்று. எப்படியோ போட்டார்கள்.

மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கிறது. அமைச்சர் அமைச்சராகவே இருக்கிறார். செயலாளரை மட்டும் வேறு துறைக்கு மாற்றினார்கள். வெல்டரின் மனைவிக்கு இன்னும் ஒருவரும் நேரில் போய், இது இப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை. திரும்பி வந்ததும் நான் போனேன். அவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். அப்புறம் உள்ளே வரச் சொன்னார். முழுவதும் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது எனக்குக் கோபம் குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. குறைய வேண்டாம் என்றும் தோன்றியது.

விசாரணையைச் சொல்கிறேன். நீண்ட மண்டபம். எல்லார் காதிலும் கருவி. கண்ணாடி அறைகளுக்குள் மொழிபெயர்ப்பாளர்கள். முதலில் கிரேன் ஓட்டும் பெண்ணைத் திரையில் காட்டினார்கள். பிறகு உங்கள் தாளை எடுத்து நான் படிக்கத் தொடங்கினேன். "டாக்டர் அம்மாளுக்குக் கேட்கத் தெரியும், கேட்கிற விதம் தெரியாது" என்ற வரியையும் படித்தேன். "அவர் சந்தேகப்பட்டார், நான் அவரை வெறுத்தேன், ஆனால் இருவரும் அவரவர் வேலையைச் செய்தோம், எங்கள் அரசுகள் அதைச் செய்திருந்தால் பெயின்டர் இருந்திருப்பார்" என்ற வரிக்கு வந்தபோது எங்கள் நாட்டுப் பிரதிநிதி எழுந்துவிட்டார்.

"இதை எழுதினவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். இயக்குநர் உங்கள்மேல் போட்ட அதே முடிச்சை இவர் என்மேல் போடப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"சம்பந்தி" என்றேன்.

காதுக் கருவி அமைதியாகிவிட்டது. கண்ணாடி அறையைப் பார்த்தேன். மொழிபெயர்க்கும் பெண் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு ஒலிபெருக்கியிலேயே சொன்னாள்: "மன்னிக்கணும். இந்தச் சொல்லுக்கு நான் மொழிபெயர்க்கிற பாஷையில சொல் இல்லை. கொஞ்சம் விளக்கமா சொல்றீங்களா?"

அத்தனை நாட்டுக்காரர்களும் என்னைப் பார்த்தார்கள். பிரதிநிதி நின்றபடியே இருந்தார்.

"என் பொண்ணை நான் யாரை நம்பி விட்டிருக்கேனோ, அவங்கன்னு சொல்லுங்க" என்றேன்.

அவள் சொன்னாள். ஒவ்வொரு கண்ணாடி அறையாக, ஒவ்வொரு பாஷையாக அது போய்ச் சேர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் பிரதிநிதி உட்கார்ந்தார். நான் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து உங்கள் தாளை மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.